நீட்டிப் பாடிய சாவு

உடுக்கை ஆண்டி பாட ஆரம்பித்தால் எருமைகூட அசைபோடுவதை நிறுத்தும் என்று நாமகிரிப்பேட்டைச் சந்தையில் சொல்வார்கள். சொன்னவர்கள் கேலிக்குத்தான் சொன்னார்கள். ஆண்டி அதை அப்படியே நம்பினான். மற்ற விஷயங்களில் அவன் யாரிடமும் ஏமாறாத ஆள். தன் தொண்டையைப் பற்றி மட்டும் யார் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மழை பொய்த்துப்போய், ஊரின் இளவட்டங்களில் பாதிப்பேர் அங்கே மண் சுமக்கப் போயிருந்தார்கள். யார் போனாலும் கருங்கரட்டுப்பாளையத்தில் பங்குனி மாதத்துப் படுகளத் திருவிழா நிற்கவில்லை. ஊர் மாடுகளை ஓட்டிப்போக வந்த கூட்டத்தோடு சண்டையிட்டு ஒரே பகலில் செத்துப்போன ஏழு காவல்காரர்களுக்குக் கரட்டுக் குன்றின் அடியில் கோயில் இருந்தது. அவர்கள் ஏழு பேருக்கும் ஒரே ஒரு தங்கை. அந்தக் கதையைத்தான் ஆண்டி வருஷா வருஷம் உடுக்கை அடித்துப் பாடுவான்.

வெறும் பாட்டுக் கச்சேரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த ஏழு பேரின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஏழு குடும்பங்கள் ஊரில் இருந்தன. குடும்பத்துக்கு ஒரு ஆள், முந்தின நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து களத்தில் வந்து நிற்பான். ஒவ்வொரு காவல்காரனும் செத்ததை ஆண்டி பாடப் பாட, அந்தந்தக் குடும்பத்து ஆள் அருள் வந்து அடித்துப் போட்டதுபோல் விழுவான். பூசாரி அவன்மேல் வெள்ளைத் துணி போர்த்துவார். அதற்குப் பிறகு அவன் பிணம். அவனை யாரும் தொடக் கூடாது, பெயரை வாயெடுத்துச் சொல்லக் கூடாது. தங்கை அண்ணன்களைத் தேடிக்கொண்டு ஏழு வீட்டு வாசலிலும் போய் நிற்பதைப் பாடி, கடைசியில் எழுப்புகிற பாட்டையும் பாடிய பிறகுதான் பூசாரி துணியை விலக்கி முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒவ்வொருவனாக எழுந்து உட்காருவான். அதுவரைக்கும் ஏழு உயிரும் பாட்டுக்காரன் கையில் இருப்பதாக ஐதீகம்.

படுகளத்துக்கு முந்தின நாள் காலை ஆண்டி தன் குடிசைக்கு வெளியே உடுக்கைத் தோலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தான். ஆத்தாயி வந்து வேலிக்கு அப்பால் நின்றாள். ஏழாவது குடும்பத்து நாச்சிமுத்துக் கவுண்டரின் மனைவி. பண்ணையக்காரர் வீட்டுப் பெண் ஆண்டியின் வாசல் வரைக்கும் வருவது வழக்கமே இல்லை. ஆண்டி பதறிப்போய் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான்.

"ஆண்டி, உன்னால எனக்கு ஒரு காரியம் ஆகோணும்."

"சொல்லுங்க ஆத்தா."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவருக்கு மொறைக்காச்சலு. சேந்தமங்கலத்துக்கு அக்கட்ட, மலையடிக்கு மூங்கி வெட்டப் போயி வாங்கிக்கிட்டு வந்துபோட்டாரு. ஒருநாள் உட்டு ஒருநாள் வருது. நேத்து வந்துது. நாளைக்கு மறுக்கா மொறை நாளு. பொழுது உச்சிக்கு வந்தாப் போதும், குளுரு ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுது."

"தபாலாபீசுல கொயினா விக்கறாங்களே, வாங்கிக் குடுக்கலீங்களா?"

"குடுத்தேன். இன்னைக்கிருந்து வெரதமின்னு அதையும் துப்பிப்போட்டாரு."

"அப்படீன்னா களத்துக்கு வர வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க ஆத்தா."

"சொல்லாமயா இருப்பேன்? காச்சலுன்னு தெரிஞ்சா பங்காளி ஊட்டு ஆளை நிறுத்திப்போடுவாங்களாமா. அப்பறம் எங்க ஊட்டு மொறையே போயிருமாமா. எங்க ஊட்டுப் பேரு பாட்டுல வராதாமா. ஆருகிட்டயும் மூச்சு உடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அதையும் மீறித்தான் உன்றகிட்ட வந்து நிக்கறேன். நீ நாளைக்குச் சித்தெ சுருக்கிப் பாடு. உச்சிக்கு முன்னால எழுப்பிப்போட்டீன்னா, ரெண்டு வாய் கஞ்சியக் குடுத்து ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

ஆண்டிக்கு இது பெரிய காரியமாகப் படவில்லை. ஏழு வீட்டு வாசல் பாட்டில் ஓர் அடிகூட விட முடியாது. அதில் ஒவ்வொரு வீட்டின் பேரும் காடும் காளையும் வரும், விட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும். ஆனால் சாவு பாட்டுக்காரனுடைய சொத்து. ஒருவனை இரண்டு அடியிலும் சாகடிக்கலாம், இருபது அடியிலும் சாகடிக்கலாம். அதைச் சுருக்கினால் நேரம் மிச்சம். நாச்சிமுத்துக் கவுண்டருக்காக அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? பாட்டு முடிந்ததும் மற்றவர்களெல்லாம் பந்திக்கு ஓடும்போது, அவர் ஒருவர்தான் ஆண்டியிடம் வந்து, "நாலாமவன் சாவுல ஒரு அடி புதுசா இருந்துதே, எப்பக் கட்டினே?" என்று கேட்கிறவர். ஆயிரம் பேர் கைதட்டினாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

"நீங்க தைரியமாப் போங்க சாமி. உச்சிக்கு முன்னால கவுண்டரு எந்திரிச்சு உக்காந்திருப்பாருங்க. நானாச்சு" என்றான் ஆண்டி.

ஆத்தாயி முகம் தெளிந்து போனாள்.

மறுநாள் ஊர்க்கவுண்டர் ராசப்பன் வந்து தேங்காய் உடைத்தால்தான் தொடங்க முடியும் என்பதால் எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் இளம்பிள்ளை ஊரிலிருந்து வந்த சம்பந்திக்கு விருந்து வைத்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்து சேரும்போதே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்ற நாச்சிமுத்துவின் உதடு வெடித்திருந்தது. ஆண்டி அவரைப் பார்த்தான். அவர் லேசாகச் சிரித்தார்.

ஆண்டி உடுக்கையை எடுத்தான். பக்கத்தில் பின்பாட்டுக்கும் தாளத்துக்கும் அவன் மைத்துனன் செங்கோடன். சொன்ன சொல் தவறாமல் ஆண்டி வேகமாகத்தான் போனான். முதல் காவல்காரன் மூன்று அடியில் செத்தான். இரண்டாமவன் இரண்டடியில். ஐந்தாமவனான ராசப்பன் வீட்டு ஆள் விழுவதற்கு வாகாகக் காலை ஊன்றி நிற்பதற்குள் அவனுடைய சாவே முடிந்துபோய், அவன் கொஞ்சம் தாமதமாக விழ வேண்டியதாயிற்று. கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

"என்னுங்க மாமா இது?" என்று இளம்பிள்ளைச் சம்பந்தி ராசப்பனிடம் சொன்னது முன்வரிசைக்கே கேட்டது. "பெரிய பாட்டுக்காரன், பெரிய பாட்டுக்காரன்னீங்க. சந்தைக்கு நேரமாச்சுன்னு ஓடறவனாட்டப் பாடறான்?"

ஆண்டியின் காது மடல் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாமவனையும் சாகடித்தான். மிச்சம் ஒருவர். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஏழாமவன் சாவை எடுத்து இரண்டடிகூட ஆகவில்லை, நாச்சிமுத்து விழுந்தார். மற்றவர்கள் விழுந்தது மாதிரி இல்லை. முழங்கால் மடிந்து, முகம் மண்ணில் பட விழுந்தார். பூசாரி சின்னண்ணன் அவரைப் புரட்டித் துணி போர்த்திவிட்டு நகர்ந்ததும், அந்தத் துணி நடுங்க ஆரம்பித்தது. தலையிலிருந்து கால் வரைக்கும் நடுங்கியது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிற சத்தம் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. குதிகால் மண்ணில் அடித்து அடித்துக் குழி பறித்தது.

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். "பாரு பாரு, ஏழாமவன் நேர்ல எறங்கிட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். இத்தனை வருஷப் படுகளத்தில் யாரும் அப்படி ஆடியதில்லை. இளம்பிள்ளைச் சம்பந்தி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலைக்கு மேல் கை கூப்பினார்.

அந்தக் கூப்பிய கையைத்தான் ஆண்டி பார்த்தான்.

குளிர்க்காய்ச்சல் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். முந்தின நாள்தானே அவள் வேலி ஓரம் நின்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கிற ஒருவன் முன்னால், தன் பாட்டுக்கு ஒரு மனித உடம்பு இப்படித் துள்ளுவதைக் கண்டு ஊரே வாய் பிளந்து நிற்கும்போது, தெரிந்த விஷயம் எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. காய்ச்சல் உச்சிக்குத்தானே வரும், இன்னும் உச்சியாகவில்லையே, இது என் பாட்டுதான் என்று அவன் மனம் ஒரு கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கை அவன் ஆசையாக வாங்கிக்கொண்டான். உடுக்கையின் நடையைத் தளர்த்தினான். செங்கோடன் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான். ஏழாமவனின் காயம் ஒவ்வொன்றையும் ஆண்டி எண்ணிப் பாடினான். அவன் வளர்த்த காளை வந்து முகத்தை நக்கியதைப் பாடினான். முன்னே பின்னே யாரும் பாடாத அடிகளெல்லாம் தானாக வந்தன. துணி நடுங்க நடுங்க அவன் நீட்டினான். அவன் நீட்ட நீட்டத் துணி நடுங்கியது. பெண்கள் நிற்கும் கயிற்றுக்குப் பின்னால் ஆத்தாயி இருப்பாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் மட்டும் அவன் திரும்பவே இல்லை.

ஏழாமவன் செத்து முடிந்தபோது ஆண்டியின் நிழல் அவன் காலடிக்குள் இருந்தது.

அப்போதுதான் துணி ஒரு தடவை பெரிதாக வெட்டி இழுத்துவிட்டு அடங்கியது. அருள் மலையேறிவிட்டது என்று கூட்டம் உட்கார்ந்தது. ஆண்டி முதல் தடவையாகக் கயிற்றுப் பக்கம் பார்த்தான். ஆத்தாயி கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்கவில்லை, சொல் விளங்கியது. முடி, முடி என்றாள்.

ஆண்டி துணிகளைப் பார்த்தான். மற்ற ஆறு துணிகளும் மூச்சுக்கு ஏறி இறங்கின. ஏழாவது துணி எப்போதாவது ஒருமுறை லேசாக ஏறியது. கூப்பிடு தூரம்கூட இல்லை, பத்தடி. போய்த் துணியை விலக்கிப் பார்க்கலாம். பூசாரியைத் தவிர யாரும் தொடக் கூடாத உடம்பு அது. சாதாரண நாளிலேயே ஆண்டி தொட முடியாத உடம்பும்கூட. அவனிடம் இருந்தது பாட்டு ஒன்றுதான்.

தங்கையைக் கிளப்பினான்.

ஏழு ஊட்டு வாசலிலே எளையவ வந்து நின்னா
எங்கண்ணன் கெடக்கும் எடம் எங்கேன்னு கேட்டு நின்னா

முதல் வீடு, இரண்டாம் வீடு. மூச்சு விடாமல் பாடினான். மூன்றாவதை எடுக்கும்போது ஏழாவது துணி ஏறக் காணோம். ஆண்டிக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. நான்கு வீடுகளை ஒரே தாண்டாகத் தாண்டி ஏழாவது வாசலில் தங்கையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

"நிறுத்துடா!"

ராசப்பன் கைத்தடியைத் தரையில் குத்திக்கொண்டு எழுந்திருந்தார். சம்பந்திக்கு முன்னால் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்க ஊடு எங்கடா? அஞ்சாம் ஊட்டை எங்க தின்னுபோட்டே?"

"சாமி, கோவிச்சுக்காதீங்க. ஏழாமூட்டுக் கவுண்டருக்கு ஒடம்பு..."

"களத்துல கெடக்கறவன் பேச்சை எடுக்காதே! எடுத்தா எந்திரிக்க மாட்டானுங்கறது உனக்குத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு பாட்டுக்காரனா? மூணாமூட்டுல இருந்து ஒழுங்காப் பாடு!"

"நெசமாலுமே காச்சலுங்க சாமி. ஒரே ஒரு தடவை பூசாரிய உட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"ஊரே பாத்துது, அருளு வந்து ஆடினதை. நீ இவ்வளவு நேரம் பாட்டா நீட்டினியே, அப்பக் காச்சலில்லையா?"

ஆண்டி உடுக்கையை மறுபடி தட்டினான். மூன்றாம் வீட்டிலிருந்து பாடினான். ராசப்பன் வீட்டின் பேரையும், கிணற்றையும், நான்கு ஏரையும் பாடினான். கண் எரிந்தது. ஆறாம் வீட்டுக்கு வரும்போது ஆத்தாயி கயிற்றைத் தாண்ட முயன்றதும், இரண்டு பெண்கள் பிடித்து இழுத்ததும் தெரிந்தது. ஏழாம் வீட்டையும் பாடி முடித்து எழுப்புகிற பாட்டை எடுத்தான்.

படுத்த எடம் போதுமண்ணா பனித்தண்ணி தெளிச்சேன் நான்
எடுத்த உசுரு மடியிலிருக்கு எந்திரிச்சு வாங்கண்ணா

பூசாரி சொம்போடு வந்தார். முதல் ஆள் எழுந்தான். இரண்டாமவன், மூன்றாமவன், நாலாமவன் எழுந்தார்கள். ராசப்பன் வீட்டு ஆள் எழுந்து தாகத்தில் சொம்பைப் பிடுங்கிக் குடித்தான். ஆறாமவனும் எழுந்தான். ஏழாவது துணியை விலக்கிப் பூசாரி தண்ணீர் தெளித்தார். மறுபடி தெளித்தார். மீதித் தண்ணீரையெல்லாம் கொட்டினார். பிறகு குனிந்து மார்பில் காதை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து ராசப்பனைப் பார்த்துவிட்டு, விலக்கின துணியை மறுபடி முகத்துக்கு இழுத்துவிட்டார். அந்த இழுப்பிலேயே ஊருக்கு விளங்கிவிட்டது.

"தாண்டிப் பாடினானில்ல, அந்தக் குத்தந்தான்" என்றார் ராசப்பன். குரலில் கோபம்கூட இல்லை, பயம் இருந்தது. "நாலு ஊட்டைத் தாண்டினான். தங்கச்சி வழி தப்பிப்போச்சு. உசுரு வந்து சேரலே."

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். எல்லாரும் கண்ணால் பார்த்ததுதானே. ஆண்டி உடுக்கையோடு நின்றான். தாண்டியதால் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தாண்டியதுதான் அன்றைக்கு அவன் செய்த ஒரே நல்ல காரியம். செய்த கெட்ட காரியத்துக்கு ஊர் குலவை போட்டுக் கை கூப்பியிருந்தது. அதை இனி யாரிடம் போய்ச் சொல்லுவது?

ஆத்தாயி பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு வந்து களத்தில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்துவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை.

"மறுக்காப் பாடச் சொல்லுங்க மாமா" என்றாள் ராசப்பனிடம். "ஒண்ணு உடாமப் பாடினா வந்துருவாரு. ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருக்குது."

ராசப்பன் தலையாட்டினார். ஆண்டி மறுபடி ஏழு வாசலிலும் தங்கையை நிறுத்தினான். ஓர் அடி விடவில்லை. எழுப்புகிற பாட்டை மூன்று தரம் பாடினான். பூசாரி தண்ணீரோடு நின்றார். பொழுது மேற்கே சாய்ந்தது. எழுந்த ஆறு பேரும் தங்கள் தங்கள் குடும்பத்தோடு ஒதுங்கி நின்றார்கள். உயிரோடு இருப்பதே தப்பு என்பதுபோல் ஒருவரும் சோற்றைத் தொடவில்லை.

செங்கோடன் தாளத்தை நிறுத்திவிட்டான். "போதும் மாமா, வா போலாம்" என்று காதோரம் சொன்னான்.

ஆண்டி போகவில்லை. களத்தின் ஓரத்தில், அவளுக்கு எதிரில் மண்டியிட்டான். "ஆத்தா, நான் தாண்டினதுனால இல்லீங்க. நான் நீட்டிப்போட்டேனுங்க. குளுருல அவரு நடுங்கயில, என்ற பாட்டுக்குத்தான் ஆடறாருன்னு நெனச்சுக்கிட்டு நீட்டிப்போட்டேனுங்க. நாந்தானுங்க கொன்னுபோட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் சாமி. நீ பாடு" என்றாள். அவனை அந்த வீட்டார் யாரும் சாமி என்று அழைத்ததில்லை. "நீ நிறுத்தினா இவிங்க தூக்கிக்கிட்டுப் போயிருவாங்க. நிறுத்தாதே சாமி."

அவன் எழுந்து நின்று பாடினான். உயிர் வரும் என்று பாடவில்லை. அவள் மடியில் அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று பாடினான். தொண்டை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலின் வழியாக இதுவரை அவனுக்கு வாய்க்காத ஒரு குரல் வந்தது. தங்கை ஏழாம் வாசலில் நின்று கேட்டபோது ஆண்களே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அடேயப்பா" என்றார் இளம்பிள்ளைச் சம்பந்தி, யாருக்கும் இல்லாமல், மெதுவாக. "இப்படி ஒரு பாட்டை நான் பொறந்ததிலிருந்து கேட்டதில்லீங்க."

ஆண்டிக்கு அது கேட்டது. கேட்ட மாத்திரத்தில் நெஞ்சுக்குள் எங்கோ ஒரு மூலையில் அது இனித்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அவனுக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் கை நின்றுவிட்டது. உடுக்கையை மறுபடி தூக்கப் பார்த்தான், கை வரவில்லை. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

பாட்டு நின்றதும் ராசப்பன் தலையசைத்தார். நான்கு பேர் களத்துக்குள் இறங்கினார்கள்.

"ஏஞ்சாமி நிறுத்திப்போட்டே?" என்று ஆத்தாயி அலறினாள். "இப்பத்தானே கண்ணு அசைஞ்சுது? நான் பாத்தேனே! இன்னும் ரெண்டு அடி பாடியிருந்தா எந்திரிச்சிருப்பாரே!"

அவர்கள் குனிந்து அவள் கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு அவரைத் தூக்கினார்கள். அவள் தூக்கிப் போகிறவர்களைப் பார்க்கவில்லை. ஆண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.